நாவல் மரத்தடிக் கோரை

ஏ தர்ணிகா, இந்தப் பக்கம் திரும்பிப் படு. உச்சி வெயிலு, கரண்டு இல்ல, பாயி சுடுது, நீ வேற மூக்கை உறிஞ்சிக்கிட்டே கெடந்தா எனக்கு எப்படிடி தூக்கம் வரும்? நாலு மிளகாய் நாத்து. களைன்னு நெனச்சுப் பிடுங்கிட்ட. அம்புட்டுதானே? உன் பெரியத்தை வச்ச நாத்துதான், இல்லேங்கல. ஆனா அவ உன்னைய அடிச்சாளா? திட்டினாளா? அப்புறம் எதுக்கு காலையிலயிருந்து இந்த அழுகை?

"கதை சொல்லு அத்தை."

கதை வேணுமாக்கும் மகாராணிக்கு. சரி, ஒருத்தி பிடுங்கின கதை சொல்றேன். அவ பிடுங்கினதுக்கு முன்னாடி உன் நாலு நாத்து ஒண்ணுமே இல்ல. ஆனா நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா நான் கொறட்டை விட்டுருவேன், கதை பாதியில நிக்கும்.

"ம்."

ஒரு மலையில ஒரு பங்களா இருந்துச்சாம். பங்களாவுக்கு முன்னாடி ஒரு நாவல் மரம். சின்ன மரமில்ல. நாலு பேரு கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதுக்குக் கீழ நட்ட நடுப்பகல்லயும் வெயிலு விழாது. குளுகுளுன்னு இருக்கும். ஆனா புல்லு பூண்டு ஒண்ணு மொளைக்காது. வெறுந்தரை. மழை பேஞ்சா சளக் சளக்குன்னு சேறு, மழை நின்னா தூசி.

அந்தப் பங்களாவுல ஒரு அக்காக்காரி தோட்ட வேலை பாத்தா. பூட்டுறது, தெறக்குறது, கூட்டுறது, தண்ணி ஊத்துறது எல்லாம் அவதான். பங்களாக்காரரு சித்திரை மாசம் குடும்பத்தோட வருவாரு, பத்து நாளு இருந்துட்டுப் போயிருவாரு. மத்த நாள்ல இவ ஒத்தை ஆளு. புருஷங்காரன் இன்னொருத்தியோட போயிட்டான். போனவன் போகட்டும், இந்தக் கதையில அவனுக்கு இதுக்கு மேல இடம் கெடையாது.

"ம்."

அவளுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருந்துச்சு. அந்த நாவல் மரத்துல தாழ்வா ஒரு கிளை. அதுல தூளி கட்டிப் போட்டுட்டு வேலை பாப்பா. கிரீச்... கிரீச்... கிரீச்சுன்னு கயிறு ஆடும். அந்தச் சத்தம் நின்னா பிள்ளை முழிச்சிருச்சுன்னு அர்த்தம். உடனே ஓடி வருவா. அப்புறம் அந்தப் பிள்ளை போயிருச்சு.

"எங்க போச்சு?"

செத்துப்போச்சுடி. ரெண்டு வயசுல. அடைமழை, மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுபோச்சு. காய்ச்சல்ல கெடந்த பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனா. பாதி வழியிலயே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் மீதி வழியும் நடந்தா.

ம் கொட்ட வேணாம் இதுக்கு. கேளு.

போட்டோ ஒண்ணு எடுத்து வைக்கல. துணிமணியெல்லாம் பிள்ளை கூடவே போட்டுப் புதைச்சுட்டாங்க. மிஞ்சினது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கிளையில தூளிக்கயிறு உரசி உரசி ஒரு தடம் விழுந்திருந்துச்சு. வழவழன்னு, வெரல் வச்சா வெரலு உக்காந்துக்கும். தெனமும் காலையில வேலைக்கு வந்ததும் அக்காக்காரி கையைத் தூக்கி அந்தத் தடத்தை ஒரு தடவை தடவுவா. தடவிட்டுத்தான் வெளக்குமாத்தை எடுப்பா.

"ம்."

அப்போ ஒரு சித்திரையில பங்களாக்காரரு வந்தாரு. மரத்தடியைப் பாத்தாரு. மொகத்தைச் சுளிச்சாரு. "என்னம்மா இது, வாசல்ல இறங்கினா சேத்துல கால் வைக்க வேண்டியிருக்கு. இனிமே இந்த பங்களாவை சீசனுக்கு வர்றவங்களுக்கு விடலாம்னு இருக்கேன். முன்னாடி பச்சைப் பசேல்னு இருக்கணும். மரம் நிழல் அடிக்கிறதாலதான் புல்லு வரமாட்டேங்குது. மரத்தை எடுத்துரலாம்"னாரு. எடுத்துரலாமாம்! எச்சித் தட்டை எடுக்கிற மாதிரி. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், அவருக்கு அது மரம், அவ்வளவுதான்.

அக்காக்காரி மரத்துக்கு முன்னாடி வந்து நின்னா. "ஐயா, மரம் இருக்கட்டும்யா. மரத்தடியை நான் பச்சையாக்கிக் காட்டுறேன்"னா.

"எப்படி ஆக்குவ?"

"ஆக்குறேன்யா."

அவரு யோசிச்சாரு. "சரி. மூணு சித்திரை தர்றேன். மூணாவது சித்திரைக்கு நான் வரும்போது தரை தெரியக்கூடாது. தெரிஞ்சுதோ, ரம்பத்தோட ஆள் வரும்"னுட்டுக் காரு ஏறிப் போயிட்டாரு. டுர்ர்ர்ர்.

முதல் வருஷம் என்ன பண்ணா? நர்சரியில பாய் பாயா சுருட்டி விப்பான்ல, அந்தப் புல்லு, அதை வாங்கிட்டு வந்து பதிச்சா. ரெண்டு மாசம் பாக்க லட்சணமா இருந்துச்சு. அப்புறம் வெயிலைத் தேடித் தேடி, வெளிறி, மஞ்சளாப் போயி, கோழி கிளறின குப்பை மாதிரி ஆச்சு. முதல் சித்திரைக்கு வந்தவரு பாத்தாரு. ஒரு வருஷம் போச்சுன்னு ஒரு வெரலை மட்டும் நீட்டிக் காட்டினாரு.

ரெண்டாவது வருஷம் பூச்செடி வச்சா. கண்ட கண்ட செடியெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்து வச்சா. எல்லாம் வளந்துச்சு, எப்படி வளந்துச்சு தெரியுமா, நெடுநெடுன்னு நோஞ்சான் மாதிரி. பூவு? ஒண்ணு கூட இல்ல. பத்தாததுக்கு ஒரு நாளு காட்டெருமை வந்துச்சு, தொம் தொம் தொம்முனு உள்ள நடந்து, மிதிச்சது போக மிச்சத்தைத் தின்னுட்டுப் போயிருச்சு. ரெண்டாவது சித்திரை. ரெண்டு வெரலு. அதோட, மரம் வெட்ட ஆபீஸ்ல அனுமதிச் சீட்டும் வாங்கி வச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். மூணாவது?"

மூணாவது. அவ ரெண்டு நாளு சோறு திங்கல. மரத்தைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்தா. அப்புறம் சுள்ளி பொறுக்கப் பங்களாவுக்குப் பின்னாடி காட்டோரமாப் போனா. அங்க பாத்தா, அடர்ந்த மரம், மேல வானமே தெரியல, கீழ பூராவும் பச்சை! மெல்லிசா, முழங்கால் உசரம் கூட இல்லாம, எண்ணெய் தடவிச் சீவி விட்ட தலைமுடி மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. கோரை. காட்டுக் கோரை. இத்தனை வருஷமா அதை மிதிச்சுக்கிட்டுத்தான் போயிருக்கா, கண்ணு பாக்கல.

அப்போ அவ மனசுல, யாரும் தண்ணி ஊத்தல, யாரும் உரம் போடல, வெயிலே விழல, இது இருக்குன்னா என் மரத்துக்குக் கீழயும் இருக்கும்ல? அப்படின்னு தோணுச்சு. ஒரே எடத்துல அள்ளல. இங்க ஒரு தூரு, அங்க ஒரு தூருன்னு, காட்டுக்குத் தெரியாம வலிக்காம எடுத்தா. ஆனி மாசத்து மழை. தூரைக் கையால பிரிச்சா. ஒவ்வொரு பிரிவுலயும் நாலு தாளு, கொஞ்சம் வேரு. அதை ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டா. மேல நாவல் சருகையே பரப்பிவிட்டா, ஈரம் போகாம. கூட்டித் தள்ளுற சருகை அன்னைக்குத்தான் முதல் தடவையா கூட்டல.

ரெண்டு மாசம் அது செத்த மாதிரியே நின்னுச்சு. தெனமும் குனிஞ்சு குனிஞ்சு பாப்பா. மூணாவது மாசம் நடுவுல ஒரு புதுக் குருத்து. ஊசி மொனை அளவு. அதைப் பாத்துட்டு அழுதாளாம். அப்புறம் அது மெதுவா, மெதுவா, அவசரமே இல்லாம பரவுச்சு. தை மாசம் பாத்தா தூருக்குத் தூரு கை தொட்டுக்கிச்சு. மாசி பொறந்தா தரை தெரியல. காட்டெருமை வந்து மோந்து பாத்துச்சாம், புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டுப் போயிருச்சாம்.

அவளுக்குக் கீழ ஊர்ல ஒரு தங்கச்சிக்காரி. போன் போட்டு, "மரம் தப்பிச்சிருச்சுடி, தரை பூரா பச்சையாயிருச்சு"ன்னா. "என்னக்கா வச்ச?"ன்னு தங்கச்சி கேட்டா. "வந்து பாரு"ன்னா. அம்புட்டுதான் சொன்னா. சந்தோஷத்தை வச்சிருந்து காட்டணும்னு ஆசை. என்ன வச்சேன்னு அன்னைக்கே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம். சொல்லல.

"ம்."

அப்புறம் பங்குனி கடைசியில அக்காக்காரிக்குக் காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போடுது. ஆஸ்பத்திரியில பத்து நாளு படுத்துக்கன்னுட்டாங்க. தங்கச்சிக்குப் போன் பண்ணி, "நீ மேல போயி வீட்டைப் பாத்துக்க. தண்ணி மட்டும் ஊத்து, போதும். வேற ஒண்ணும் செய்யாத"ன்னா.

தங்கச்சிக்காரி யாரு தெரியுமா? வயக்காட்டுல களையெடுக்குறவ. அவ கை பட்ட வயல்ல ஒரு களை மிஞ்சாது. மொதலாளிமாரு ஆளு அனுப்பிக் கூப்பிடுவாங்க. அவ்ளோ பேரு. அந்தத் திமிரு அவளுக்கு நெறையா.

அவ மலையேறிப் போயி, பங்களாக் கதவைத் தெறந்து, மரத்தடியைப் பாத்தா. ஆத்தி! தரை பூரா கோரை!

நீ டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, உனக்குத் தெரியாது. வயக்காட்டுக்காரிக்குக் கோரைன்னா எமன். நெல்லுக்குள்ள கோரை ஏறுச்சுன்னா ஒரு வீட்டுச் சோறே போயிரும். மேல பிடுங்கினா கீழ கெழங்கு கெடக்கும், ஒரு கெழங்கு மிஞ்சினா பத்தா மொளைக்கும். பிடுங்கினதைத் தரையில போட்டா அங்கயே திரும்ப வேர் பிடிக்கும். அதனால பாறை மேல போட்டுக் காயவச்சு எரிக்கணும். அஞ்சு வயசுலயிருந்து அவளுக்கு அதுதான் பாடம்.

அவ என்ன நெனச்சா? "ஐயோ பாவம் எங்கக்கா, பச்சையா ஏதோ வச்சிருக்கா, காய்ச்சல்ல விழுந்ததும் கோரை ஏறி அத்தனையும் முழுங்கிருச்சே. இன்னும் பத்து நாள்ல பங்களாக்காரரு வருவாரே"ன்னு நெனச்சா. சேலையை இழுத்துச் சொருகினா. களைவெட்டியை எடுத்தா.

அந்த மண்ணு மூணு தடவை சொல்லுச்சுடி. மொத நாளு பிடுங்கும்போது, அடியில சருகு யாரோ கையால பரப்பின மாதிரி இருந்துச்சு. காத்து கொண்டாந்து போட்ட சருகு இல்ல. கையி நின்னிருக்கணும். நிக்கல. ரெண்டாவது நாளு, வேரைப் பாத்தா சாணுக்கு ஒரு தூரு, கயிறு பிடிச்ச மாதிரி வரிசை. எந்தக் களை வரிசையா மொளைக்கும்? அப்பவும் நிக்கல. ஒரு தாளை எடுத்து வெரலுக்கு நடுவுல வச்சு உருட்டினேன். மூணு பட்டை, புல்லுன்னா உருண்டையா இருக்கும். கோரைதான், சந்தேகமே இல்லைன்னு...

"உருட்டினேனா?"

உருட்டினா. உருட்டினான்னுதான் சொன்னேன். குறுக்க பேசாம கேளு.

மூணாவது நாளு, கெழங்கைத் தேடித் தேடித் தோண்டுறா. சரக்... சரக்... சரக். ஒரு கெழங்கு இல்ல. கெழங்கு இல்லாத கோரையை அவ பொறந்ததுலயிருந்து பாத்ததில்ல. அப்பவாச்சும் நிமிந்து உக்காந்து, ஏன் இல்லைன்னு ஒரு வார்த்தை அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல? கேக்கல. அவ கைக்குப் பயந்து கெழங்கு ஓடிப்போச்சுன்னு சிரிச்சுக்கிட்டா. சிரிச்சா! அத்தனையையும் அள்ளிப் பாறை மேல போட்டா. மலை வெயிலு, ரெண்டு நாளு எடுத்துச்சு காய. அப்புறம் தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டா. படபடபடன்னு எரிஞ்சுச்சு. அப்புறம் தரையை வெளக்குமாத்தால கூட்டி, தண்ணி தெளிச்சு வச்சா, அக்கா வந்து பாத்தா சந்தோஷப்படுவான்னு.

விசிறியை நிப்பாட்டலடி, கை மாத்துறேன். இரு.

அக்காக்காரி பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துப் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா. பாதி ஒடம்பா எளைச்சிருந்தா. தங்கச்சிக்காரி வாசல்லயே நின்னு, "பாத்தியாக்கா! எப்படி மண்டிக் கெடந்துச்சு தெரியுமா, ஒரு வேரு விடல"ன்னா.

அக்காக்காரி அப்படியே நின்னா. தரையைப் பாத்தா. மரத்தைப் பாத்தா. "எங்க போட்ட?"ன்னு கேட்டா, மெல்ல.

"பாறையில போட்டுக் கொளுத்திட்டேன்க்கா."

அப்போ அவ தங்கச்சி கையைப் பாத்தா. கையெல்லாம் கொப்புளம். கோரை அறுத்த கீறல். அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "சாப்டியா?"ன்னா.

மருந்துப் பையை வச்சுட்டு, மண்டி போட்டு, மரத்தைச் சுத்தி ஊந்து ஊந்து தேட ஆரம்பிச்சா. அப்பத்தான் தங்கச்சிக்குப் புரிஞ்சுச்சு. தலையில இடி விழுந்துச்சுன்னு சொல்லுவாங்களே, அதெல்லாம் சும்மா. இடி விழுந்தா அன்னைக்கோட முடிஞ்சிரும்.

தேடித் தேடி தண்ணிக் குழாய்க்குப் பின்னாடி ஒரே ஒரு தூரு கெடச்சுச்சு. மூணு தாளு. அதைக் கொண்டாந்து மரத்துக்கு முன்னாடி நட்டா. மறுபடியும் காட்டோரத்துக்குப் போயி அள்ளிட்டு வரலாம்க்கா, ராத்திரி பகலா நடலாம்க்கான்னு தங்கச்சி அழுதா. "ஆனியில நட்டது மாசியிலதான்டி மூடுச்சு. இன்னும் மூணு நாளுதான் இருக்கு"ன்னா அக்கா.

மூணாவது நாளு காரு வந்துச்சு. பங்களாக்காரரு இறங்கினாரு. அக்காக்காரி ஓடிப்போயி, "ஐயா, வந்துச்சுய்யா, நெசமாவே மூடியிருந்துச்சுய்யா, இந்தா இதுதான்"னு அந்த மூணு தாளைக் காட்டினா. அவரு குனிஞ்சு பாத்தாரு. "இதுவா? இது கோரைதானே?"ன்னாரு. அம்புட்டுதான்.

தங்கச்சிக்காரி அவரு கால்ல விழுந்து, நான்தான்யா பிடுங்கினேன், எங்கக்கா சொன்னது சத்தியம்னு கதறினா. "எந்திரிம்மா, சும்மா அக்காவுக்காகச் சொல்லாத"ன்னுட்டாரு. நெசத்தைச் சொன்னா யாரு நம்புறா?

"ம்..."

ரம்பம் வந்துச்சு. கர்ர்ர்ர்ர்... கர்ர்ர்ர்ர்... ஒரு நாளு பூரா. சாயங்காலம் மடமடமடன்னு சாஞ்சுச்சு. காக்கா குருவியெல்லாம் கத்திக்கிட்டு வானத்துல சுத்துது, உக்கார எடமில்லாம. அக்காக்காரி வெட்டுறவங்ககிட்ட, "அந்தத் தாழ்ந்த கிளையில ஒரு முழம் மட்டும் குடுங்கய்யா"ன்னு கேட்டா. தர்றோம்னாங்க. அவ உள்ள போயி அவங்களுக்கு டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் துண்டு போட்டு லாரியில ஏத்திட்டாங்க.

நான் ஓடினேன்டி. ஆமா, நான்தான். தெரியும்ல உனக்கு, அப்புறம் எதுக்கு முழியை உருட்டிப் பாக்குற? லாரிக்குப் பின்னாடியே ஓடினேன். செருப்பு அந்துபோச்சு, வெறுங்காலோட ஓடினேன். ரெண்டாவது வளைவுல நிப்பாட்டினான். மேல ஏறிப் பாத்தா அம்பது துண்டு கெடக்கு. எதுல தடம் இருக்கு? புரட்டிப் புரட்டிப் பாத்தேன். டிரைவரு ஆரன் அடிக்கிறான், பாம் பாம்னு. அந்தத் தடத்தை நான் ஒரு தடவை கூட கிட்டப் போயி பாத்ததில்ல. அவசரத்துல வழவழன்னு கைக்குப் பட்ட ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தேன்.

அக்கா வாங்கினா. திருப்பித் திருப்பி வெரலை வச்சுப் பாத்தா. வெரலு உக்காரல. எனக்கே தெரிஞ்சுச்சு, அது இல்ல. "இதான்டி"ன்னா. "இதேதான். நல்ல வேளை கொண்டாந்த"ன்னு என் தலையைத் தடவினா.

"அப்புறம்?"

அப்புறம் என்ன அப்புறம்? மரம் போனதும் வெயிலு விழுந்துச்சு. அவரு சொன்ன மாதிரியே புல்லு பச்சைப் பசேல்னு வந்துச்சாம். மூணு தாளுக் கோரை ஒரே வாரத்துல கருகிப்போச்சு, அதுக்கு வெயிலு ஆகாது. அக்கா, அதான் உன் பெரியத்தை, வேலையை விட்டுட்டு, அந்தக் கட்டையைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துட்டா. அவ பெட்டிக்கு மேல இருக்குல்ல, அதுதான். நீ அதைத் தாளம் போட எடுத்தப்ப நான் உன்னைய அறைஞ்சேன், ஞாபகம் இருக்கா?

"ம்."

பதினோரு வருஷம் ஆச்சு. ஏண்டி பிடுங்கினேன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைய அவ கேட்டதில்ல. நாலு அறை விட்டிருந்தா வாங்கிக்கிட்டு நானும் ஒரு மூலையில அழுது தீத்திருப்பேன். கேக்கவே மாட்டேங்குறா. நான் வயக்காட்டுலயிருந்து வந்ததும் கையைப் பாப்பா. பாத்துட்டுச் சோத்தைப் போடுவா.

"அத்தை."

என்னடி.

"காலையில நாத்தைப் பாத்துட்டு பெரியத்தை என்னையத் திட்டவே இல்ல. சாப்டியான்னுதான் கேட்டாங்க. அதான் அழுகையா வருது."

தெரியும்டி.

கேக்குதா, கொல்லையில சொளக் சொளக்குன்னு சத்தம்? அவதான். நீ பிடுங்கிப் போட்டதையெல்லாம் எடுத்துத் திரும்ப ஊனித் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கா. மிளகாய் நாத்து பொழைச்சுக்கும். சாயங்காலம் எந்திரிச்சுப் போயி அவ பக்கத்துல உக்காரு. மன்னிச்சுக்கன்னு எல்லாம் கேக்காத, அது அவளுக்குத் தாங்காது. சும்மா உக்காரு.

கதையும் வாடிப்போச்சு, விசிறியும் ஓஞ்சுபோச்சு. கண்ணை மூடு, தாயி. நீ தூங்கு. நான் தூங்குறதைப் பத்தி நீ கவலைப்படாத.